காளியம்மனுக்கு எழுதிய சீட்டுகள்

கோடு போட்ட தாள் வேண்டுமா என்று ஏட்டையா கேட்டார். வேண்டாம் என்றேன். கோடு போடாத தாளிலும் எனக்கு வரி வளையாது. விஸ்வநத்தத்தில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் பதினெட்டு வருடம் புரூஃப் பார்த்தவன் நான். ஒற்றுப்பிழை எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள் ஐயா, திருத்தித் தருகிறேன். வேறு எதையும் திருத்த வேண்டியிருக்காது. நடந்ததை நடந்தபடிதான் எழுதப் போகிறேன்.

பெயர் ஊர்க்காவலன். வயது ஐம்பத்தெட்டு. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பிரஸ் வேலையை விட்டபின் ஆறு வருடமாக ஊரையொட்டிய பட்டாசுக் கம்பெனியில் கேட் வாட்ச்மேனாக இருக்கிறேன். காலையில் வேலைக்கு வருகிறவர்களை நிறுத்தி, பீடி, தீப்பெட்டி, செல்போன் மூன்றையும் வாங்கித் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நூற்றிருபது பேர். வேட்டி மடிப்பைத் தொட்டாலே உள்ளே என்ன இருக்கிறதென்று என் விரலுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை நடந்த வெடி விபத்துக்காக எங்கள் போர்மேன் சிவபாண்டியை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் மேல் தப்பு இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் காளியம்மன் கோயில் இருக்கிறது. சாமியிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் ஒரு சீட்டில் எழுதி, மஞ்சள் நூலால் அம்மன் முன்னால் நிற்கிற சூலத்தில் கட்டிவிடுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வருவார்கள். எழுதத் தெரிந்தவர்களும் வருவார்கள், என் கையெழுத்து அம்மனுக்குப் பழகிவிட்டது என்று. நானும் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுப்பேன். வேலைக்கு வரும்போது கேட்டிலேயே கேட்டுவிட்டுப் போவார்கள், சாயங்காலம் பீடியோடு சேர்த்துச் சீட்டையும் வாங்கிக்கொள்வார்கள்.

இதில் சொல்ல வேண்டிய முதல் சீட்டு மூக்கம்மாளுடையது. அட்டைப் பெட்டியில் பட்டாசு அடுக்குகிற வேலை அவளுக்கு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரே ஒரு செவலை ஆடு. அது காணாமல் போய்விட்டது. அழுதுகொண்டே சொன்னாள், எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் லீவு போட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாலு ஊர் சுற்றினேன். ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கத்தில் ஆண்டிச்சாமி என்கிறவருடைய கிடையில் நின்றுகொண்டிருந்தது. அவரும் நல்ல மனிதர், தானாக வந்து சேர்ந்த ஆடு என்று ஒப்புக்கொண்டார். கேரியரில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்து, மூக்கம்மாள் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவள் வாசல் முளையில் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கேட்டில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, ஆத்தா நடத்தியே கூட்டியாந்துட்டா தம்பி. கால்ல பாக்கணுமே, அம்புட்டும் சகதி."

நான் கூட்டி வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. அறுபது வயதுக்கு மேல் ஒருத்திக்குத் தன்னையும் ஒரு சாமி கவனித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் முகம் எப்படி ஆகும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதிலிருந்து நான் எழுதிய சீட்டுகளில் முடிந்தவற்றை முடித்துவைக்க ஆரம்பித்தேன். ஊருக்குப் பிரிகிற விலக்கில் டவுன் பஸ் நிற்க வேண்டும் என்று பெண்கள் சீட்டுக் கட்டினார்கள். அதையே இன்னொரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு விருதுநகருக்குப் போய்த் திங்கட்கிழமை மனு வரிசையில் நின்றேன். ஒன்பது திங்கட்கிழமை. ஆபீஸில் ஒவ்வொரு தடவையும் ரசீது கொடுத்தார்கள், அம்மன் கொடுக்கவில்லை. ஆனால் பஸ் நின்றபோது பொங்கல் வைத்தது அம்மனுக்குத்தான். நானும் வரிசையில் நின்று ஒரு இலை வாங்கிச் சாப்பிட்டேன். நெய் தாராளமாக ஊற்றியிருந்தார்கள்.

போர்மேன் சிவபாண்டிக்கு இந்தச் சீட்டு விஷயத்தில் நம்பிக்கை கிடையாது. சாமி இல்லை என்கிற ஆளும் இல்லை. டீ குடிக்கும்போது கேட்டில் வந்து உட்கார்ந்து சொல்லுவார்:

"நாப்பது ரூம என் ரெண்டு கண்ணால பாக்க முடியல அண்ணே. உலகத்துல எத்தன கோடிப் பேரு. மூக்கம்மா ஆட்டத் தேடிக்கிட்டு இருக்கவா சாமி ஒக்காந்திருக்கு? மழை, வெயில், சூரியன், சந்திரன்னு பெரிய வேலயெல்லாம் பாக்கும். நம்மள நாமதேன் பாத்துக்கிடணும்."

"சாமி ஆளு வச்சுப் பாக்கும்" என்பேன் நான்.

"யாரு, ஒங்களையா?" என்று கேட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவரோடு பேசினால் பொழுது போவதே தெரியாது. இப்போதும் அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நவநீதகிருஷ்ணன் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். உங்கள் கணக்கில் அது இல்லை என்றாலும் மறைப்பது நல்லதல்ல. அவர் பெரிய விவசாயி. கம்பெனிக்குப் போகிற குறுக்குப் பாதை அவர் புஞ்சை ஓரமாகப் போகும். ஒரு நாள் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். பெண்கள் அரை மணி நேரம் சுற்றி வர வேண்டியதாயிற்று. அவர் மனசு மாற வேண்டும் என்று சீட்டுக் கட்டினார்கள். நான் நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆகவே ஒரு மத்தியான வேளையில் அந்த முள்ளுக்குத் தீ வைத்தேன். அவர் மறுபடியும் முள்ளைப் போட்டார். நானும் மறுபடியும் தீ வைத்தேன். இரண்டாம் தடவை காற்று மாறி வைக்கோல் படப்புக்குப் போய்விட்டது. படப்போரத்தில் ஒரு சினைப்பசு கட்டியிருந்தது. அது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் நவநீதகிருஷ்ணன் வெறும் காலோடு கோயிலுக்கு வந்து அம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டார். பாதை திறந்தது. ஒரு மாட்டுக்கு நூற்றிருபது பேர் பாதை என்று வைத்துப் பார்த்தால் அம்மன் அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிற மனிதர் அவர்.

முடியாமல் போனதும் உண்டு. போன வருடம் சீசன் நேரத்தில் மழை வரக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து ஒரு சீட்டுக் கட்டினார்கள். வெடி காயவில்லை என்றால் வேலை நின்றுவிடும். மழைக்கு நான் என்ன செய்ய முடியும். எட்டு நாள் விடாமல் பெய்தது. "ஆத்தா ஊர்ல இல்ல போலருக்கு" என்று மூக்கம்மாள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அம்மன் மேல் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

இனி பொன்மணி.

பொன்மணிக்கு இருபத்தொன்பது வயது. திரி வெட்டுகிற ரூமில் வேலை. அவள் புருஷன் காளீஸ்வரன் அதே கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவன். கெட்டிக்காரன், கை சுத்தம். ஆனால் குடித்தால் அடிப்பான். ஒரு வியாழக்கிழமை அவள் உதடு வீங்கி வந்து நின்றாள்.

"ஒரு சீட்டு எழுதணும்ண்ணே."

"என்னன்னு எழுத, தாயி?"

"அந்த மனுஷன் கை ஓயணும்னு எழுதுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"ஓயணும்னா எப்படி?"

"ஓயணும்ண்ணே. அம்புட்டுத்தேன். ஆத்தாளுக்குத் தெரியும்."

'காளீஸ்வரன் கை ஓய வேண்டும்' என்று எழுதி, சாயங்காலம் நானே கொண்டுபோய்க் கட்டினேன். எப்படி முடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவனைக் கூப்பிட்டுப் பேசினேன், தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவன் குடிக்கிற கூட்டாளிகளைப் பார்த்துச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. அவசரம் இல்லை, வழி தானாகத் தெரியவரும் என்று இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பொன்மணி சிரித்துக்கொண்டு வந்தாள். அவள் பல்வரிசை அவ்வளவு அழகானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அண்ணே, அந்தச் சீட்ட அவுத்துருங்க. இவுக குடிய விட்டாச்சு."

என்ன நடந்தது என்று கேட்டேன். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. காளீஸ்வரன் வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்திருக்கிறான். குடித்திருக்கவில்லை. அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் குழந்தை ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. வா என்று கூப்பிட்டிருக்கிறான். வரவில்லை. குனிந்து பார்த்தால் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு படுத்திருக்கிறது.

"அப்படியே தரையில ஒக்காந்துட்டாக. பெறகு நேரா கோயிலுக்குப் போயி, உள்ளங்கையால சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டு வந்துட்டாக. ஆரும் சொல்லலண்ணே. ஆத்தாதேன் புள்ள ரூவத்துல வந்து படுத்துக் கெடந்திருக்கா."

சாப்பாட்டு வேளைக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. மூக்கம்மாள் குலவை போட்டாள். காளீஸ்வரன் வெட்கப்பட்டுக்கொண்டு கொப்புளம் கட்டிய உள்ளங்கையை எல்லோருக்கும் காட்டினான். போர்மேன் கூட அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சீட்டை அவிழ்க்க முடியாது என்று பொன்மணியிடம் சொல்லிவிட்டேன்.

"கட்டுனத அவுக்கக் கூடாது தாயி. ஆத்தா கைக்குப் போனது போனதுதேன்."

"சரிண்ணே, கெடந்துட்டுப் போகட்டும். கைதேன் ஓஞ்சிருச்சே" என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் என் மனைவி ஞாபகம் வந்தது. என் மனைவி சண்முகத்தாயைப் பற்றி இதுவரை எழுதவில்லை. அவள் போய் ஏழு வருடம் ஆகிறது. வயிற்றில் கட்டி. அவளும் ஒரு சீட்டு எழுதினாள், தன் கையாலேயே. 'இன்னும் கொஞ்ச நாள் இவரோட இருக்கணும்' என்று. நான்தான் கொண்டுபோய்க் கட்டினேன். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று நாலு மாதம் காத்திருந்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. "ஆத்தா வருவான்னு இருந்துட்டீக" என்றாள், அவ்வளவுதான். அதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அம்மன் தானாக எதையும் செய்ய மாட்டாள். யாராவது எழுந்து போய்ச் செய்ய வேண்டும். செய்தபிறகு அது அவள் செய்ததாகும்.

இது உண்மையென்றால் காளீஸ்வரன் திருந்தியிருக்க முடியாது. ஆகவே அவன் திருந்தவில்லை, இடையில் கொஞ்ச நாள் நிறுத்தியிருக்கிறான் என்று முடிவு செய்தேன். பத்து நாள் பார்த்தேன். இருபது நாள் பார்த்தேன். சாயங்காலம் வேலை விட்டதும் மகளுக்குச் சேவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். குழந்தையைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்துக் கண்மாய்க் கரையில் சுற்றினான். அது மணியை அடித்துக்கொண்டே போகும்.

ஒரு நாள் அவன் சாப்பாட்டுப் பையில் ஒரு குவார்ட்டர் பாட்டிலை வைத்தேன். அவனை ஏமாற்றுவதற்கு இல்லை. உண்மை வெளியே வரட்டும் என்றுதான். சாயங்காலம் அதை அப்படியே கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தான்.

"ஆரோ மறந்துபோயி எம் பையில வச்சுட்டாகண்ணே. கேட்டு வந்தாகன்னா குடுத்துருங்க" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். மூடிகூடத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நல்ல வெயில். காளீஸ்வரன் வழக்கம்போலக் கேட்டில் நின்று பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து நீட்டினான். குடியை விட்டதிலிருந்து பீடி கொஞ்சம் அதிகமாகியிருந்தது. நான் வாங்கவில்லை. அவன் விரல்களை அவற்றின் மேல் மடக்கி மூடினேன்.

"இருக்கட்டும்ப்பா. குடிய விட்ட ஒடம்பு, பீடியாச்சும் இழுக்கட்டும். டீ நேரத்துல பின்னால வேப்பமரத்துக்குப் போயிரு. ஆரு கண்ணுலயும் படாது."

அவன் முதலில் மறுத்தான் என்பதையும் எழுதிவிடுகிறேன். "வேண்டாம்ணே, மருந்துச் சட்டையோட எப்படி? போர்மேன் வைவாக" என்றான். இரண்டு தடவை கையை நீட்டினான்.

"ரெண்டு இழுப்புல என்னப்பா ஆயிரும்? போர்மேன நான் பாத்துக்கிடுதேன், போ" என்றேன். பெரியவன் சொல்கிறேன் என்று பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

அதற்குப்பிறகு நான் எதுவும் செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அம்மனிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஆத்தா, உனக்கு இஷ்டமில்லை என்றால் தடுத்துவிடு, மூன்று மணி நேரம் இருக்கிறது என்றேன். தடுக்க எத்தனையோ வழி இருந்தது. ஒரு தூறல் போட்டிருக்கலாம். போர்மேன் அந்தப் பக்கம் போயிருக்கலாம். காளீஸ்வரனுக்கே வேண்டாம் என்று தோன்றியிருக்கலாம். அப்படி எந்த அறிகுறியும் எனக்குக் கிடைக்கவில்லை.

பத்து நாற்பதுக்கு நடந்தது. அவன் அனுபவக்காரன், ரூமுக்குள் பற்றவைக்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்றுதான் பற்றவைத்தான். ஆனால் காலையிலிருந்து கலக்கிய மருந்துத்தூள் சட்டை முழுக்க இருந்தது. தீயோடு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து ஓடினான். தொட்டி இருப்பது மருந்து ரூம் வாசலில். உள்ளே இசக்கிப்பாண்டியும் பால்பாண்டியும் இருந்தார்கள். அட்டைப்பெட்டி கேட்டு அந்தப் பக்கம் போன மூக்கம்மாளும் இருந்தாள். திரி ரூம் தள்ளி இருந்ததால் பொன்மணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

காளீஸ்வரன் கை ஓய்ந்தது. மற்ற மூன்று பேருக்கும் யாரும் சீட்டு எழுதவில்லை என்பது உண்மைதான். நவநீதகிருஷ்ணன் மாடு மாதிரி, அதெல்லாம் காற்றுப் போகிற போக்கில் சேர்ந்துகொள்வது. மூக்கம்மாளின் ஆடு இப்போது என் வீட்டில் இருக்கிறது. நன்றாகத் தின்கிறது. சினையாகவும் இருக்கிறது, குட்டி போட்டால் ஒன்றைப் பொன்மணி மகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு விளையாட ஆள் இல்லை. செருப்புச் சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் வாசலுக்கு ஓடிவருகிறது என்று சொன்னார்கள்.

கேட்டில் அன்றைக்குச் சோதனை நடந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். நடந்தது என்று சொன்னேன். அது பொய். அந்தப் பொய்யினால்தான், உள்ளே தீப்பெட்டி வந்ததற்குப் போர்மேன் பொறுப்பு என்று ஆகிவிட்டது. அப்போது திருத்தாமல் இருந்தேன், ஏனென்றால் அதற்கென்று யாரும் என்னிடம் சீட்டுக் கேட்கவில்லை. நேற்று சிவபாண்டியின் மனைவி பாண்டிலட்சுமி கோயிலுக்கு வந்தாள். சீட்டில் நம்பிக்கை இல்லாத வீடு அது. முதல் தடவையாக வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு வெளிய வரணும்னு எழுதுங்கண்ணே. அவுக எறும்புக்குக் கூடத் துரோகம் பண்ண மாட்டாக. ஆத்தா ஒருத்திதேன் இனிமே கதி."

எழுதிக் கட்டினேன். இன்று காலை குளித்து முழுகி முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன். ஆக இது மனசாட்சி உறுத்தி வந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா. எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை, நன்றாகத் தூங்குகிறேன். பாண்டிலட்சுமியின் சீட்டு ஒன்று பாக்கி இருந்தது, அவ்வளவுதான். சிவபாண்டியைச் சாயங்காலத்துக்குள் விட்டுவிட்டால் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். அம்மன் கொண்டுவந்து விட்டாள் என்று அவள் பொங்கல் வைப்பாள். அவரும் ஒருவேளை இனிமேல் நம்புவார். அதை நேரில் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்காது, பரவாயில்லை.

காளீஸ்வரனையும் மற்ற மூன்று பேரையும் கொன்றவன் நான்தான். கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதிவிடுகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அவன் குடியை விட்டது அம்மன் செயல் என்று செத்த வீட்டில்கூடப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது எப்படி ஐயா அம்மன் செயலாகும், அதை நான் செய்யவில்லையே.